தாங்கியில் எரிபொருள், போத்தலில் நஞ்சு: மெதனோல் பற்றிச் சில உண்மைகள்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், இந்தியாவின் அசாம் மாநிலத்திலுள்ள தின்சுகியாவில், நூற்றுக்குப் பதினைந்து பங்கு மெதனோல் கலந்த பெற்றோல் பரீட்சார்த்தமாக விற்பனைக்கு விடப்பட்டது. அரச எண்ணெய் நிறுவனமான இந்தியன் ஒயில் இதனை ஆரம்பித்தது. வெளிநாட்டு எண்ணெயில் தங்கியிருக்கும் நிலையைக் குறைப்பதற்கு இது ஒரு வழி எனக் கூறப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 யூன் மாதத்தில், தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அருந்திய அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அச்சாராயத்தில் கலந்திருந்ததும் இதே மெதனோல்தான்.

ஒரு நாட்டின் அரசு எதிர்கால எரிபொருள் என வரவேற்கும் திரவமும், அதே நாட்டின் கூலித் தொழிலாளரைக் கொன்ற திரவமும் ஒன்றே என்றால், அதனை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது? மெதனோலைக் கொண்டு வாகனம் ஓட்டுவது நடைமுறைக்கு உகந்ததா? பாதுகாப்பானதா? பாதுகாப்பானது என்றால், யாருக்கு?

இவை விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. 2022ஆம் ஆண்டில் இலங்கையின் அந்நியச் செலாவணி வற்றிப்போக, மக்கள் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் அறிவோம். எண்ணெய்க் கிணறு இல்லாத ஏழை நாட்டுக்கு மாற்று எரிபொருள் என்பது சோற்றுப் பிரச்சினை. மறுபுறம், புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் பலர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கின்றனர். பிரித்தானியாவில் பெற்றோல் நிலையங்களை நடத்துவோரும் அங்கு இரவுக் கடமை செய்வோரும் எம்மவருள் பலர். எரிபொருள் மாறுமாயின், அதன் குழாயை முதலில் கையில் எடுப்பவர்களுள் இவர்களும் இருப்பர்.

மரத்திலிருந்து வந்த மதுசாரம்

மதுசார வகைகளுள் மிக எளிமையானது மெதனோல். மரத்தைக் காற்றுப் படாமல் சூடாக்கி, எழும் ஆவியை வடித்துப் பெறப்பட்டமையால் முற்காலத்தில் இதனை மரமதுசாரம் என்றனர். 1923ஆம் ஆண்டில், ஜேர்மனியின் லொய்னா என்னுமிடத்தில் பாஸ்ஃப் நிறுவனம் காபனோரொட்சைட்டு வாயுவையும் ஐதரசனையும் உயர் அமுக்கத்தில் இணைத்து இதனைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அன்றிலிருந்து மரம் தேவைப்படவில்லை. நிலக்கரி, இயற்கை வாயு, மரக்கழிவு, நகரக் குப்பை என, காபன் அடங்கிய எதிலிருந்தும் மெதனோலைச் செய்யலாம். எண்ணெய் இல்லாத நாடுகளை இது ஈர்ப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

இன்று உலகில் ஆண்டொன்றுக்குச் சுமார் 11 கோடி தொன் மெதனோல் உற்பத்தியாகின்றது. அதில் பாதிக்கு மேற்பட்டது சீனாவில். பிளாஸ்ரிக்கு, பசை, வர்ணம் முதலியவற்றுக்கு இது மூலப்பொருள். ஆகவே, மெதனோல் புதிதாக உலகுக்கு வரப்போகும் பொருளன்று. எமது வாழ்க்கைக்குள் அது ஏற்கெனவே இருக்கின்றது. ஐரோப்பியப் பெற்றோலில்கூட நூற்றுக்கு மூன்று பங்கு வரை மெதனோல் கலப்பதை அங்குள்ள தர விதி அனுமதிக்கின்றது.

இதன் நெருங்கிய உறவு எதனோல். சாராயத்திலும் பியரிலும் இருப்பது அதுவே. இரண்டும் நிறமற்றவை. இரண்டின் மணமும் ஏறத்தாழ ஒன்று. நாவினால் வேறுபடுத்தி அறிவது கடினம். இந்த ஒற்றுமை எத்துணை விபரீதமானது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இயந்திரம் ஏற்குமா?

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இக்கேள்விக்குப் பாதி விடை தெரியும். பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடையாத அக்காலத்தில், சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை எம்மவர் ஓட்டினர். கார் ஓடியது, கரும்புகை கக்கி, இயந்திரம் தட்டித் தட்டி ஓடியது. எரியக்கூடிய எதனையும் இயந்திரம் ஓரளவுக்கு ஏற்கும் என்பதையும், ஓடுவது வேறு, நன்றாக ஓடுவது வேறு என்பதையும் அக்காலம் எமக்குக் கற்பித்தது.

மண்ணெண்ணெயின் குறை அதன் தாழ்ந்த ஒக்ரேன் எண். மெதனோலின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் ஒக்ரேன் எண் பெற்றோலினதை விட உயர்ந்தது. 109 அளவில் மதிப்பிடப்படுகின்றது. எனவே தட்டும் பிரச்சினை இல்லை. கூடிய அமுக்க விகிதம் கொண்ட இயந்திரத்தை அமைத்து, கூடிய வலுவைப் பெறலாம். ஆவியாகும்போது பெருமளவு வெப்பத்தை உறிஞ்சுவதால், உட்செல்லும் காற்றைக் குளிர்வித்து மேலும் வலுச் சேர்க்கின்றது. பந்தயக் கார்க்காரர் இதனை விரும்பியதற்கு இது ஒரு காரணம்.

குறைகளும் உண்டு. முதலாவது, ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 32 மெகாயூல் சக்தி இருக்க, ஒரு லீற்றர் மெதனோலில் சுமார் 16 மெகாயூலே உண்டு. நிறைந்த தாங்கியில் 600 கிலோமீற்றர் ஓடும் கார், மெதனோலில் 300 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓடும். ஆதலால் விலையை ஒப்பிடுவோர் லீற்றருக்கு லீற்றர் ஒப்பிடலாகாது. மெதனோலின் விலை பெற்றோலின் விலையில் பாதியளவில் இருந்தாலன்றி ஓட்டுநருக்கு இலாபம் இல்லை.

இரண்டாவது, குளிர். தூய மெதனோல் எளிதில் ஆவியாவதில்லை. வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் அளவுக்குக் கீழே இறங்கினால் இயந்திரத்தைத் தொடக்குவது சிரமம். ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ மாரிகாலக் காலைப்பொழுதில் அது நடவாது. இதற்காகவே நூற்றுக்கு 85 பங்கு மெதனோலும் 15 பங்கு பெற்றோலும் கலந்த ‘எம் 85’ என்னும் கலவை உருவாக்கப்பட்டது. சீனாவின் ஜீலி நிறுவனம் வேறொரு வழியைக் கையாண்டது. அதன் மெதனோல் கார்களில் சிறியதொரு பெற்றோல் தாங்கியும் உண்டு. பெற்றோலில் தொடக்கி, சூடேறியதும் மெதனோலுக்கு மாறும். யாழ்ப்பாணத்து ஓட்டுநர் கையால் செய்ததை இங்கே மின்னணுக் கருவி செய்கின்றது.

மூன்றாவது, அரிப்பு. மெதனோல் அலுமினியம், மக்னீசியம் முதலிய உலோகங்களையும் சிலவகை இறப்பர்களையும் அரிக்கும். நீரையும் உறிஞ்சும். சாதாரண காரில் கூடிய அளவு மெதனோலை ஊற்றினால் எரிபொருட் குழாய்களும் பம்பியும் பழுதாகும். துருவேறா உருக்கினாலான தாங்கியும் தகுந்த இறப்பரும் வேண்டும். இவை எவரும் அறியாத நுட்பங்கள் அல்ல. தொழிற்சாலையிலேயே பொருத்தினால் செலவும் பெரிதன்று. இயந்திரவியலைப் பொறுத்தவரை மெதனோல் எப்போதோ தேறிவிட்டது எனலாம்.

தீயும் தீயின் மறைவும்

இனிப் பாதுகாப்பு. எரிபொருள் என்றவுடன் நாம் முதலில் அஞ்சுவது தீக்கே. இவ்விடயத்தில் மெதனோலின் வரலாறு வியப்பூட்டுவது.

1964 மே 30ஆம் நாள், அமெரிக்காவின் புகழ்பெற்ற இண்டியானாபொலிஸ் 500 கார்ப் பந்தயத்தின் இரண்டாவது சுற்றிலேயே நிகழ்ந்த மோதலில் பெற்றோல் தீப்பிழம்பாகி, எடி சாக்ஸ், டேவ் மக்டொனல்ட் என்னும் இரு ஓட்டுநர்கள் மாண்டனர். அதன் பின்னர் அப்பந்தயக் கார்கள் மெதனோலுக்கு மாறின. சுமார் நாற்பது ஆண்டுகள் அதுவே அங்கு எரிபொருளாக இருந்தது. வேகத்தை விரும்புவோர் பாதுகாப்புக்காகத் தெரிந்தெடுத்த எரிபொருள் மெதனோல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

காரணம் எளிது. காற்றில் பெற்றோல் ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு இருந்தாலே தீப்பற்றும். மெதனோல் ஆவி ஆறு பங்களவு சேர வேண்டும். பெற்றோல் ஆவி கனமானதாகையால் நிலத்தோடு படர்ந்து தொலைவிலுள்ள நெருப்பைத் தேடிச் செல்லும். மெதனோல் ஆவி ஏறத்தாழக் காற்றளவே பாரமானது, விரைவில் கலைந்துவிடும். பற்றினாலும் மெதுவாக எரியும். வெளிவிடும் வெப்பத்தின் வேகம் பெற்றோலினதில் எட்டிலொரு பங்கு. பெற்றோல் நீரில் மிதந்து எரியும். மெதனோல் நீரில் கலக்கும் என்பதால் போதிய நீரை ஊற்றி அணைக்கலாம். வாகனங்கள் தூய மெதனோலுக்கு மாறினால் எரிபொருளினால் ஏற்படும் வாகனத் தீ விபத்துக்கள் நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்குக் குறையக்கூடும் என அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் தொண்ணூறுகளில் மதிப்பிட்டது.

ஆயினும் இரண்டு பொறிகள் உள்ளன. ஒன்று, தூய மெதனோலின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1981ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ரிக் மியேர்ஸ் என்னும் ஓட்டுநரின் காருக்கு எரிபொருள் நிரப்பும்போது மெதனோல் சிந்தித் தீப்பற்றியது. அவர் எரிந்துகொண்டிருந்தார், சூழ நின்றவர்களுக்கோ நெருப்புத் தெரியவில்லை. முகத்தில் எரிகாயங்களுடன் உயிர் தப்பினார். ‘எம் 85’ கலவையில் பெற்றோல் சேர்ப்பதன் இன்னொரு நோக்கம் சுவாலைக்கு நிறம் கொடுப்பதாகும்.

மற்றது, தாங்கியின் உட்புறம். பெற்றோல் தாங்கிக்குள் ஆவி மிகச் செறிவாக இருப்பதால் சாதாரண வெப்பநிலைகளில் உள்ளே தீப்பற்றாது. தூய மெதனோல் தாங்கியிலோ, ஏறத்தாழ 10 முதல் 43 பாகை செல்சியஸ் வரை, ஆவியும் காற்றும் தீப்பற்றும் அளவில் கலந்திருக்கும். குளிர்நாட்டில் இது கோடைகாலத்துக் கவலை. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இது ஆண்டு முழுவதற்குமான நிலை. தொடக்கும் சிரமம் இல்லாத வெப்ப நாடுகளிலேயே தாங்கியின் அபாயம் கூடுதல். தாங்கியின் வாயில் சுவாலைத் தடுப்பு வலை பொருத்துவது அங்கு கட்டாயமாக்கப்பட வேண்டும்.

கலிபோர்னியாவும் சீனாவும்

மெதனோலைப் பெருமளவில் பரீட்சித்துப் பார்த்த முதலாவது இடம் கலிபோர்னியா. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் லொஸ் ஏஞ்சலீஸ் நகரின் புகைமூட்டமும் அதற்குத் தூண்டுதலாயின. எண்பதுகளின் தொடக்கத்தில் போர்ட் நிறுவனத்தின் மெதனோல் கார்கள் ஓடத் தொடங்கின. பெற்றோலோ மெதனோலோ எதனையும் ஏற்கும் கார்கள் பின்னர் வந்தன. 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘எம் 85’ வாகனங்கள் இருபத்தோராயிரத்தை எட்டின. அவற்றுள் சுமார் பதினையாயிரம் கலிபோர்னியாவில் ஓடின. நூற்றுக்கு மேற்பட்ட நிரப்பு நிலையங்களும் அங்கு இருந்தன.

எனினும் 2005ஆம் ஆண்டில் அம்முயற்சி முடிவுக்கு வந்தது. கார்கள் வெடிக்கவில்லை, ஓட்டுநர் குருடாகவும் இல்லை. 1986இல் எண்ணெய் விலை சரிந்ததும் மாற்று எரிபொருளின் அவசரம் குறைந்தது. பெற்றோலையே திருத்தியமைத்துப் புகையைக் குறைக்க எண்ணெய் நிறுவனங்கள் வழி கண்டன. சோள விவசாயிகளின் எதனோலுக்கு அரசின் ஆதரவு கிடைத்தது. மெதனோலுக்காகக் குரல் கொடுக்க அத்தகைய வாக்காளர் கூட்டம் இருக்கவில்லை. அங்கு மெதனோல் தோற்றது விஞ்ஞானத்தினால் அன்று, விலையினாலும் அரசியலினாலும்.

சீனாவில் நிலைமை வேறு. எண்ணெய் குறைவு, நிலக்கரி ஏராளம். 2012இல் சான்சி மாகாணம், சாங்காய் முதலிய இடங்களில் சீன அரசு பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வாகனங்கள் அதில் ஈடுபடுத்தப்பட்டன. 2019இல் அரசு மெதனோல் வாகனங்களை வெளிப்படையாக ஊக்குவித்தது. குய்யாங், சியான் ஆகிய நகரங்களில் மெதனோல் வாடகைக் கார்கள் ஓடின. நாளெல்லாம் ஓடும் வாடகைக் கார் தாங்கிய எரிபொருளை, ஏனைய கார்களும் தாங்கும் என்பது எமது ஓட்டுநர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

போத்தலுக்குள் வந்தால்

அப்படியாயின் ஆபத்து எங்கே? மெதனோல் தாங்கியை விட்டுப் போத்தலுக்குள் நுழையும் இடத்தில்.

அருந்திய மெதனோலை ஈரல் போமல்டிகைட்டாகவும் பின்னர் போமிக் அமிலமாகவும் மாற்றுகின்றது. அவ்வமிலம் குருதியில் சேர்ந்து பார்வை நரம்பைத் தாக்கும். பத்து மில்லிலீற்றர் அளவே கண்பார்வையைப் பறிக்கப் போதும். முப்பது மில்லிலீற்றர் உயிரைப் பறிக்கக்கூடும். இதன் வஞ்சகம் தாமதத்தில் உள்ளது. முதலில் சாதாரண வெறி போன்றே தோன்றும். பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள் வரை கழிந்த பின்னரே வாந்தி, வயிற்றுவலி, பனி மூடியது போன்ற பார்வை என்பன தலைகாட்டும். அதற்குள் அமிலம் தன் வேலையைச் செய்துவிட்டிருக்கும்.

இதற்கு மருத்துவம் உண்டு. போமெபிசோல் என்னும் மருந்து, அது இல்லாவிடத்து மருத்துவர் அளந்து கொடுக்கும் எதனோல், மெதனோலை ஈரல் மாற்றுவதைத் தடுக்கும். குருதிச் சுத்திகரிப்பு நஞ்சை வெளியேற்றும். ஆனால் மணித்தியாலங்கள் முக்கியமானவை. சந்தேகம் எழுந்தால், அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் சென்று, அருந்தியது இன்னதென்று ஒளிக்காமல் கூற வேண்டும். வீட்டில் சாராயம் கொடுத்துச் சமாளிக்கலாம் என எவரும் எண்ணலாகாது.

எமது நாட்டு வழக்கம் ஒன்றை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வாகனத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெற்றோல் எடுக்க, இறப்பர்க் குழாயைத் தாங்கிக்குள் விட்டு வாயால் உறிஞ்சுவது எம்மவரிடையே சர்வசாதாரணம். பெற்றோலை அவ்வாறு உறிஞ்சுவதே தீங்கானது. மெதனோலாயின், தவறி விழுங்கிய ஒரு மிடறு கண்ணையோ உயிரையோ கொண்டுபோகலாம். மெதனோல் வரும் நாட்டில் தாங்கியின் கழுத்து, குழாய் நுழையாதவாறு அமைக்கப்பட வேண்டும். அந்த வழக்கமும் ஒழிய வேண்டும்.

குளிர்நாடுகளிலுள்ள எமது குடும்பங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கார்க் கண்ணாடியைக் கழுவும் நீலநிறத் திரவத்தில் கனடாவில் மெதனோல் பெருமளவில் கலந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 மே மாதத்திலிருந்து பொதுமக்களுக்கு விற்கப்படும் அத்தகைய திரவத்தில் மெதனோலை நூற்றுக்கு 0.6 பங்குக்குக் கீழ் என மட்டுப்படுத்தியது. இத்திரவத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதும் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் விடுவதும் பெருந்தவறு. மெதனோல் தோலினூடாகவும் உட்புகும். உடலில் சிந்தினால் உடையைக் களைந்து நிறைய நீரால் கழுவ வேண்டும்.

கள்ளக்குறிச்சி தனித்த நிகழ்வன்று. அதற்கு முந்திய ஆண்டு, 2023 மே மாதத்தில், விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருபதுக்கு மேற்பட்டோர் இவ்வாறே மாண்டனர். செக் நாட்டில் 2012இல் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இவர்களில் எவரும் வாகன எரிபொருளை அருந்தியவர்கள் அல்லர். தொழிற்சாலைக்கென வந்த மெதனோல் களவாகத் திருப்பப்பட்டு, மலிவான சாராயமாக ஏழைகளின் கைக்கு வந்தது. தொழிற்சாலைகளுக்குப் போகும் மெதனோலுக்கே கணக்கு வைக்க முடியாத நாட்டில், அதனைச் சந்திக்குச் சந்தி எரிபொருள் நிலையங்களில் நிரப்பினால் என்ன நிகழும்? மெதனோலை ஆதரிக்கும் பொறியியலாளர் பதில் கூறவேண்டிய கேள்வி இது.

எதிலிருந்து செய்யப்படுகின்றது?

மெதனோல் தூய எரிபொருள் என்று பலர் கூறுவர். புகைக்கரி குறைவு என்பது உண்மை. ஆனால் குளிர்ந்த இயந்திரத்தைத் தொடக்கும் வேளையில் போமல்டிகைட்டு கூடுதலாக வெளியேறும். எரியும்போது ஒரே அளவு சக்திக்கு வெளியாகும் காபனீரொட்சைட்டு, பெற்றோலினதை விடச் சற்றே குறைவு. முக்கியமானது அதன் பிறப்பிடம். நிலக்கரியிலிருந்து செய்தால், சுரங்கம் முதல் வாகனம் வரை சேர்த்துக் கணக்கிடும்போது, அது பெற்றோலை விட வளிமண்டலத்துக்குக் கேடானது. சீனாவின் மெதனோலிற் பெரும்பகுதி அத்தகையது.

நல்ல வழியும் உண்டு. நோபல் பரிசு பெற்ற இரசாயனவியலாளர் ஜோர்ஜ் ஓலா, காபனீரொட்சைட்டையும் நீரிலிருந்து பிரித்த ஐதரசனையும் கொண்டு மெதனோல் செய்யலாம் என வலியுறுத்திவந்தார். அவர் பெயரைத் தாங்கிய சிறிய தொழிற்சாலை ஐஸ்லாந்தில் புவி வெப்ப மின்சாரத்தைக் கொண்டு அவ்வாறே செய்து காட்டியது. எனினும் உலக உற்பத்தியில் இத்தகைய பசுமை மெதனோல் நூற்றுக்கு ஒரு பங்கும் தேறாது. மேலும், மின்சாரத்தை மெதனோலாக்கி இயந்திரத்தில் எரிப்பதை விட, அதே மின்சாரத்தை மின்கலத்தில் ஏற்றிக் காரை ஓட்டினால் பல மடங்கு தூரம் செல்லலாம். ஆகவே சிறிய கார்களைப் பொறுத்தவரை மெதனோலின் காலம் கடந்துகொண்டிருக்கின்றது என்றே எண்ணத் தோன்றுகின்றது.

அதன் இடம் இன்று கடலில் உள்ளது. ஜேர்மனியின் கீல் துறைமுகத்துக்கும் சுவீடனின் கொதென்பேர்க்குக்கும் இடையே ஓடும் ஸ்ரெனா ஜேர்மனிக்கா என்னும் பயணிகள் கப்பல் 2015இல் மெதனோலுக்கு மாற்றப்பட்டது. 2023 செப்டெம்பரில் கொப்பன்கேகனில் பெயர்சூட்டப்பட்ட லோறா மேர்ஸ்க், மெதனோலில் இயங்கவல்ல முதலாவது கொள்கலன் கப்பல். பெருங்கப்பலை மின்கலத்தால் நெடுந்தூரம் ஓட்ட முடியாது. அங்கு எரிபொருளைக் கையாள்பவர்கள் பயிற்சி பெற்றவர்கள். தாங்கியிலிருந்து களவெடுத்துச் சாராயத்தில் கலப்பதும் எளிதன்று.

ஆகவே எமது முடிவு இது. மெதனோல் இயந்திரத்துக்கு ஏற்றது. தீயைப் பொறுத்தவரை பெற்றோலை விடப் பாதுகாப்பானது. அதன் அபாயம் கார் வைத்திருப்பவனைச் சாராது. எரிபொருள் வாங்க வசதியற்று, மலிவான சாராயத்தில் தன் களைப்பை மறக்க முனையும் கூலியாளையே அது சாரும். ஆதலால், இந்தியாவோ இலங்கையோ மெதனோலை வீதிக்குக் கொண்டுவருமுன் சிலவற்றைச் செய்தாக வேண்டும். ஆலையிலிருந்து பவுசர் வழியாக நிரப்பு நிலையம் வரை ஒவ்வொரு லீற்றருக்கும் கணக்கு இருத்தல் வேண்டும். தூய மெதனோலுக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறமும் வாயில் வைக்க முடியாத கசப்பும் ஊட்டுதல் வேண்டும். ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் மாற்று மருந்தும் குருதிச் சுத்திகரிப்பு வசதியும் இருத்தல் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவையும் எரிபொருளின் விலையில் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே, மெதனோல் மலிவானதா என்பதை அந்நாடுகள் முடிவுசெய்யலாம்.